கரண்டிச் சத்தம்

அறிக்கை தயார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

நாலே பக்கம். கடற்கரை அருங்காட்சியகத்தின் காட்சித் தொட்டியிலிருந்து பெண் ஆமை ஒன்று செவ்வாய்க்கிழமை காலை காணாமல் போயிருக்கிறது. பூட்டு உடையவில்லை. சாவி இரண்டே பேரிடம். ஒருவர் இயக்குநர். இன்னொருவர் பதினோரு வருஷமாக அங்கே மீன்களுக்கும் ஆமைகளுக்கும் தீனி போடுகிறவர். தொட்டியருகே ஈரத்தோடு நின்ற தள்ளுவண்டியும் அவருடையதுதான். இயக்குநரைத் தள்ளிவிட்டால் மிச்சம் யார்? தீனிக்காரர்.

எல்லாம் இவ்வளவு சரியாகப் பொருந்தினால் அண்ணிக்குச் சந்தேகம் வரும்.

ஊரில் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். காரணம் அவளுடைய கொழுந்தன். இருபது வருஷமாக அவளோடு துப்பறியக் கிளம்பி, போன இடத்திலெல்லாம் 'அண்ணி, அண்ணி' என்று அவன் கூவியதில் போலீஸ்காரர்களே அப்படிக் கூப்பிடப் பழகிவிட்டார்கள். அவனுக்கும் ஒரு பெயர் விழுந்திருந்தது: ரேடியோ. அதை அணைக்கிற பொத்தான் எங்கே என்று கட்டின பெண்டாட்டிக்கே தெரியாது.

"போடுடி ஒல்லி கையெழுத்தை. நாலு மணிக்கு அறக்கட்டளைக் குழு வந்துடும். அவங்க பார்த்துட்டுப் போலீஸ்ல கொடுத்துடுவாங்க. நாளைக்கு விழா. அதுக்குள்ள இந்தத் தலைவலி ஒழியணும்," என்றாள் இயக்குநர்.

ஒல்லி என்பது பள்ளிக்கூடத்துப் பெயர். இப்போது அண்ணி உட்கார்ந்தால் அந்த அறையின் சோபா ஒருதரம் பெருமூச்சு விடும். இயக்குநருக்கு அந்தக் காலத்திலேயே மகாராணி என்று பெயர். வகுப்புத் தலைவி. நாற்பது வருஷத்துக்கு முன்னால் இருவருக்கும் ஒரே பெஞ்சு. இன்றைக்கும் இந்த அறைக்கு வந்தால் அண்ணி மேசைக்கு எதிர்நாற்காலியில் உட்கார்ந்ததே கிடையாது. பக்கத்துச் சோபாவில், தோளோடு தோள்.

"மேடம், இடுப்பு எப்படி இருக்கு?" என்றான் ரேடியோ. மகாராணி புடவைக்கு மேலே அகலமான இடுப்புப் பட்டை போட்டிருந்தாள்.

"செவ்வாய்க்கிழமையிலிருந்து இதே வேதனைதான். படுத்த வாட்டம் சரியில்ல போலிருக்கு."

"எங்க அண்ணிக்கும் அப்படித்தான் வரும். ஆனா அவங்க படுத்த கட்டிலுக்குத்தான் நாங்க பட்டை போடுவோம்."

மகாராணி சிரித்தாள். சிரித்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணி பேனாவை மூடினாள். "மீட்புத் தொட்டி அறையை நான் இன்னும் பார்க்கலைடி."

"அதைப் பார்த்து என்ன ஆகப்போகுது? காணாம போனது காட்சித் தொட்டி ஆமை. மீட்பு அறைல இருக்கிறது நாளைக்கு விழாவுல கடலுக்குப் போறவ. ஆள் நடமாட்டமே கூடாது. மூணு நாளா நானே தீனி போட்டுப் பார்த்துக்கறேன்."

"'எல்லா அறையும் பார்த்தேன்'னு அறிக்கையில எழுதியிருக்கேன். பார்க்காம எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

பிறகு மகாராணி தன் சாவிக்கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். "மறைப்புக்குப் பின்னாலேயே நில்லுங்க. சத்தம் வரக்கூடாது. ரேடியோவை வாசலோட நிறுத்திடு."

அவள் தலைக்கு மேலே, திங்கட்கிழமை நடந்த ஆண்டு விழாவின் புகைப்படம் அதற்குள் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது. கூடம் நிறைய நீலப் பலூன்கள். நடுவில் மகாராணி, புதுக் கட்டடத்துக்கு நன்கொடை தரப்போகிறவர்கள் இருபுறமும்.

*

தீனிக்காரர் வெளிக்கதவுக்கு எதிரே கடல் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாக அங்கேதான். உள்ளே விடமாட்டார்கள். வீட்டுக்குப் போகவும் மனமில்லை. ஐம்பது வயதிருக்கும். மடியில் நீளப்பிடி போட்ட எவர்சில்வர் கரண்டி.

"திருடின ஆள் இப்படி வாசல்லயே உட்கார்ந்திருந்தா எங்களுக்குத்தான் வேலை சுலபம்," என்றான் ரேடியோ.

அவர் சிரிக்கவில்லை. "அம்மா, உள்ள எல்லாருக்கும் தீனி போடறாங்களா? முள் எடுத்துட்டுத்தானே போடறாங்க?"

"உங்களை ஜெயில்ல போடப்போறாங்க. நீங்க முள்ளைப் பத்திக் கேக்கறீங்க," என்றாள் அண்ணி.

"எடுக்கலைங்க நான். அதை எத்தனை தரம் சொல்றது? செல்லத்தை உள்ளங்கை அளவுல தூக்கிட்டு வந்தாங்க. நான் ஊட்டி வளர்த்தது. பதினெட்டு கிலோ இப்போ. அதை எவன்கிட்டயோ விப்பேனா?"

"செல்லம்ங்கறது காட்சித் தொட்டி ஆமையா?"

"ஆமாங்க. இந்தக் கரண்டியால தொட்டி விளிம்புல ரெண்டு தட்டு. எங்க இருந்தாலும் வாயைத் திறந்துக்கிட்டு ஓடி வருவா. பள்ளிக்கூடப் பிள்ளைங்க கை தட்டும்."

"இன்னொண்ணு?"

"மீட்புத் தொட்டியில இருக்கிறவளா? அளவுல ரெண்டும் ஒண்ணுதான், ஆனா அவ வேற மாதிரிங்க. பிளாஸ்டிக் பையை முழுங்கிட்டுக் கரைல ஒதுங்கிக் கிடந்தா. எட்டு மாசம் வைத்தியம். கடலுக்குத் திரும்பப் போறவளுக்கு மனுஷன் பழகவே கூடாது. மறைப்புக்குப் பின்னால நின்னு, குழாய் வழியா மீனைத் தள்ளுவேன். சின்ன ஓட்டை வழியா நான் அவளைப் பார்ப்பேன். அவ என்னைப் பார்த்ததே இல்ல. ஒரு சத்தம் கேட்டா அடிக்கு ஓடிடுவா."

"அவ பேரு?" என்றான் ரேடியோ.

"வெக்கலைங்க. பேர் வெச்சா கூப்பிடத் தோணும். போறவளைக் கூப்பிட்டுப் பழக்கக் கூடாது."

வேட்டி நுனியால் கரண்டியைத் துடைத்தார்.

"செல்லத்தையும் கடல்ல விட்டா என்ன?" என்றாள் அண்ணி, ஒரு பேச்சுக்கு.

அவர் பதறிவிட்டார். "ஐயோ, வேணாம்மா! படகு சத்தம் கேட்டா தீனின்னு நினைச்சு ஓடி வருவா. மனுஷன் எதை நீட்டினாலும் வாயைத் திறப்பா. ரெண்டு நாள் தாங்கமாட்டா."

கிளம்பும்போது கரண்டியை ரேடியோவிடம் நீட்டினார். "கையில வெச்சிருந்தபடியே வெளிய அனுப்பிட்டாங்க. உள்ள கொடுத்துடுங்க. புது ஆளுக்கு வேணும். ஃப்ரீசர்ல மீன் நிறைய இருக்கு, சொல்லிடுங்க. சனிக்கிழமைதான் பத்து நாளைக்கு வாங்கிப் போட்டேன்."

*

தீனி அறையில் கூட்டிப் பெருக்குகிற அம்மாள் ஒரு வாளி ஐஸில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக இந்த வேலையும் அவள் தலையில்தான் விழுந்திருக்கிறது என்பது அவள் மீனைப் பிடித்திருந்த பிடியிலேயே தெரிந்தது.

"காலங்காத்தால சந்தைக்கு ஓடறேன் தாயி. இத்துனூண்டு சம்பளத்துக்கு மீன் நாத்தம் வேற."

"ஃப்ரீசர் நிறைய மீன் இருக்காமே?"

"அது கெட்டுப்போச்சாம். மேடம் காகிதம் ஒட்டியிருக்காங்க பாருங்க."

மூலையில் ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு வெள்ளை ஃப்ரீசர். மூடியில் 'பழுது. திறக்காதீர்கள்' என்று மகாராணியின் குண்டு குண்டான கையெழுத்து. கொண்டியில் பளபளவென்று புதுப் பூட்டு.

ரேடியோ மூடியில் காதை வைத்தான். எழுந்தான். திரும்பவும் வைத்தான்.

"அண்ணி, செத்துப்போனவங்க குறட்டை விடுவாங்களா?"

"என்னடா?"

"இது விடுது. ம்ம்ம்ம்னு. கெட்டுப்போச்சுன்னு காகிதம் சொல்லுது. நான் நல்லாத்தான் இருக்கேன்னு பெட்டி சொல்லுது. எதை நம்பறது?"

அண்ணி மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்று அதிர்ந்தது. ஓடுகிற ஃப்ரீசரை ஓடவில்லை என்று ஏன் சொல்லவேண்டும்? உள்ளே மீன் இருக்க, சந்தைக்கு ஏன் ஆள் அனுப்பவேண்டும்?

"மேடம் மறந்துபோய்க் காகிதத்தை எடுக்காம விட்டிருப்பாங்க," என்றாள். சொல்லிவிட்டு, அந்தப் பதில் தனக்கே எவ்வளவு சீக்கிரம் வந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

ரேடியோ ஓரக்கண்ணால் பார்த்தான். "வேற யாராவது ஒட்டியிருந்தா இந்நேரம் பூட்டை உடைச்சிருப்பீங்க."

"வாயை மூடிட்டு வாடா."

*

மீட்புத் தொட்டி அறை அரையிருட்டாக இருந்தது. ஓரத்தில் ஆள் உயரப் பலகை மறைப்பு, கண் வைத்துப் பார்க்க ஓட்டை, மீன் தள்ள ஒரு குழாய். எல்லாம் தீனிக்காரர் சொன்னபடியே. தொட்டியின் அடியில் ஒரு நிழல் அசையாமல் கிடந்தது.

அண்ணி ஓட்டையில் கண் வைத்தாள். ரேடியோ நுனிக்காலில் பின்னாலேயே வந்தான். வாசலோடு நிற்கச் சொன்னால் நிற்கிற ஜென்மமா அது?

"எனக்கும் கொஞ்சம் காட்டுங்க அண்ணி," என்று மறைப்பின் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தான். கக்கத்தில் இடுக்கியிருந்த கரண்டி நழுவியது.

தொட்டி விளிம்பில் டங். எகிறி மறுபடியும் டங். பிறகு தரையில் உருண்டது.

"செத்தோம்," என்றான் ரேடியோ. "மகாராணி என் தோலை உரிச்சு ஆமைக்கு ஓடு செஞ்சு போடப்போறாங்க."

அண்ணி தொட்டியைக் காட்டினாள். கீழே கிடந்த நிழல் கிளம்பிவிட்டது. துடுப்புகளை வீசி, நேராக மேலே, சத்தம் வந்த இடத்துக்கு. தண்ணீரைப் பிளந்துகொண்டு தலை வந்தது. ரேடியோவின் முகத்தைப் பார்த்து அகலமாக வாயைத் திறந்தது. திறந்தபடியே காத்திருந்தது.

"அண்ணி, கடலுக்குப் போற பொண்ணு ரொம்ப மரியாதை தெரிஞ்சவளா இருக்காளே. வாசலுக்கே வந்து வரவேற்கறா!" என்றவன், அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தான். "என்ன அண்ணி?"

"சத்தம் கேட்டா அடிக்கு ஓடுவான்னு சொன்னார்."

"சொன்னார்."

"ரெண்டு தட்டுக்கு ஓடி வர்றவ வேற ஒருத்தி."

ரேடியோ ஆமையைப் பார்த்தான். கரண்டியைப் பார்த்தான். "செல்லம்?"

பேர் கேட்டுத்தானோ, குரல் கேட்டுத்தானோ, அது இன்னும் நெருங்கி வந்தது.

செல்லம் திருடு போகவே இல்லை. இருபது அடி தள்ளி, பக்கத்து அறைத் தொட்டிக்கு வந்திருக்கிறது. அவ்வளவுதான். அப்படியானால் இங்கே எட்டு மாசமாக இருந்த பெயரில்லாதவள் எங்கே?

அண்ணி நிமிர்ந்தாள். மேலே விளக்குக் கம்பியில் ஒரு நீல ரிப்பன் சுற்றிக்கொண்டு தொங்கியது. பலூன் இல்லாத ரிப்பன். நுனியில் கிழிந்த ரப்பர், நகத்தளவு.

"கடலைக் காப்போம்னு வாசல்ல பத்தடிக்குப் பலகை," என்றான் ரேடியோ மெதுவாக. "உள்ள பலூன் விட்டிருக்காங்க."

"நன்கொடைக்காரங்களுக்கு மீட்பு அறையைச் சுத்திக் காட்டியிருப்பாங்க. கையில பலூனோட வந்திருப்பாங்க. ஒண்ணு வெடிச்சுத் தண்ணில விழுந்திருக்கும். பிளாஸ்டிக்கைத் தின்னு பிழைச்சவ, இதையும் தீனின்னு நினைச்சிருப்பா." அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டாள். "காலையில வந்து பார்த்தா செத்துக் கிடக்குது. நாளைக்கு விழா. ஊரே வரும். விடறதுக்கு ஓர் ஆமை வேணும்."

"ஆமை இருக்கு. ஆனா அடையாளம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கார்."

"அதான் அவரை உள்ள விடல. நாம என்ன நினைச்சோம்? அவர்கிட்ட சாவி இருந்ததால திருடன்னு சொல்றாங்கன்னு நினைச்சோம். சாவிக்காக இல்லடா. கண்ணுக்காக. ரெண்டு ஆமையையும் பிரிச்சுச் சொல்ற கண்ணு இந்தக் கட்டடத்துலயே அவர் ஒருத்தருக்குத்தான்."

"'அவங்க'ன்னு சொல்றீங்களே அண்ணி. எவங்க?"

அண்ணி குனிந்து, தரையில் கிடந்த கரண்டியை எடுத்தாள்.

"நான் சொல்லட்டுமா?" என்றான். அந்தக் குரலில் வேடிக்கை துளியும் இல்லை.

"வேணாம். நானே போய்ச் சொல்றேன். நீ வெளிய போய் அவரைக் கூட்டிட்டு வா. யார் தடுத்தாலும் நான் சொன்னேன்னு சொல்லு."

*

மணி மூன்றேகால். மகாராணி நாளைய விழாவுக்கு அழைப்பு வாசித்துத் தொலைபேசியில் யாருக்கோ திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணி உள்ளே வந்து நின்றாள். உட்காரவில்லை.

மகாராணி போனை வைத்ததும் அண்ணி கேட்டாள்: "இடுப்பு வலி எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. ஏன்?"

"பதினெட்டு கிலோடி. ரெண்டு தடவை தூக்கியிருக்க. ஒண்ணு உயிரோட, ஒண்ணு செத்து. பிடிக்காம என்ன செய்யும்?"

மகாராணியின் கை மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கியது. ஏற்கெனவே அடுக்கியிருந்த காகிதங்கள்.

"என்ன உளர்ற ஒல்லி?"

"ஃப்ரீசர் சாவியைக் கொடு."

"அது கெட்டுப்..."

"அதுக்கு முனகத் தெரியுதுடி. உனக்குத்தான் பொய் சொல்லத் தெரியல."

அடுக்கிய காகிதங்கள் கலைந்தன. மகாராணி முகத்தை மூடிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

"ஒரே ஒரு பலூன்டி. அந்த ஆள் தலைப்பாடா அடிச்சுக்கிட்டார், பலூன் வேணாம், மீட்பு அறைக்கு யாரும் வேணாம்னு. இன்னிக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போங்கன்னு அவரை அனுப்பிட்டேன். வந்தவங்க ஆசைப்பட்டாங்க. எப்படி மாட்டேன்னு சொல்றது? வெளிய தெரிஞ்சா அடிபட்ட ஒரு மீனைக்கூட இனிமே நம்மகிட்ட கொடுக்கமாட்டாங்க. இருபது வருஷம் நான் கட்டினது. புதுக் கட்டடம் வந்தா இன்னும் எத்தனை உயிரைக் காப்பாத்தலாம், யோசிச்சுப் பாரு!"

"செல்லம் கடல்ல ரெண்டு நாள் தாங்காதாம். தெரியுமா உனக்கு?"

மகாராணியின் விரல்கள் முகத்தில் இன்னும் அழுந்தின. தெரியும் என்று அர்த்தம்.

"அந்த மனுஷன் ஜெயிலுக்குப் போவார். அது தெரியுமா?"

"பிணையில எடுத்துடலாம்னு நினைச்சேன். அப்புறமா ஏதாவது செஞ்சு..."

அண்ணிக்கு இன்னும் ஒரே கேள்விதான் இருந்தது. படியேறி வரும்போதெல்லாம் கூடவே வந்த கேள்வி. "என்னை ஏன்டி கூப்பிட்ட? துப்பறியறதுக்கு ஊர்ல வேற ஆளா இல்ல?"

மகாராணி கையை எடுத்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் பொய் சொல்லத் தெம்பில்லாத முகம்.

"வேற யார் வந்தாலும் முதல்ல என்னைத்தான் சந்தேகப்படுவாங்க. நீ படமாட்டே."

அண்ணி மேசைமேல் கிடந்த அறிக்கையைப் பார்த்தாள். முதல் பக்கம், ஆறாவது வரி. 'சாவி வைத்திருக்கும் இருவரில் இயக்குநரை விசாரிக்கத் தேவையில்லை.' தன் கையால் எழுதியது. ஏன் தேவையில்லை என்று ஒரு வார்த்தைகூடக் கேட்டுக்கொள்ளாமல், கண்ணை மூடிக்கொண்டு எழுதியது. அந்த ஒரு வரியை நம்பித்தான் இத்தனையும் நடந்திருக்கிறது.

"சாவி," என்றாள்.

மகாராணி கொடுத்தாள்.

*

ஃப்ரீசரின் மூடியை ரேடியோதான் தூக்கினான். மீன் பொட்டலங்களை இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் ஒரு தார்ப்பாய் மூட்டை. தீனிக்காரர் அவனை விலக்கிவிட்டுத் தானே பிரித்தார். தூங்குகிறவளின் போர்வையை விலக்குகிற மாதிரி.

செல்லத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் இன்னும் பாதி மிச்சமிருந்தது. அது மெல்ல அவிந்தது.

"எட்டு மாசம்," என்றார். "ஒரு நாள் கிட்ட நின்னு பார்த்ததில்ல. பழகிடக் கூடாதுன்னு மூச்சைக்கூட அடக்கிக்கிட்டுத் தீனி போட்டேன்." உறைந்த ஓட்டின்மேல் விரல் வைத்தார். தொட்டது முதல் தடவை. "பேர்கூட வெக்கலையே அம்மா இவளுக்கு."

ரேடியோவுக்கு ஏதோ சொல்ல வாய் வந்தது. அண்ணி பார்த்தாள். மூடிக்கொண்டான்.

"நாளைக்கு விழாவுல..." என்று அவர் இழுத்தார்.

"நாளைக்கு எவளும் கடலுக்குப் போகமாட்டா. செல்லம் அவ தொட்டிக்குப் போவா. நீங்களே கொண்டுபோய் விடுங்க. கரண்டி இந்தாங்க."

வெளியே கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. குழு வந்துவிட்டது.

மகாராணி தீனி அறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது இறங்கி வந்தாளோ. புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள், பட்டையை இறுக்கினாள், ஒரு காலத்தில் வகுப்பு வாசலில் நின்ற மாதிரி நிமிர்ந்து நின்றாள். அண்ணியின் முழங்கையைப் பிடித்தாள். கை ஃப்ரீசர் மூடியைவிடச் சில்லென்றிருந்தது.

"ஒல்லி. நானே சொல்லிடறேன் அவங்ககிட்ட. ஆனா தனியா முடியாதுடி. கூட இருப்பியா?"

அண்ணி அந்தக் கையை உதறவில்லை. ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள்.

"இருப்பேன்."

படியேறினார்கள். அறைக்குள் போனதும் மகாராணி வழக்கம்போலச் சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

அண்ணி கையெழுத்தில்லாத நாலு பக்கத்தையும் மேசைமேல் வைத்து, ஆறாவது வரியைப் பேனாவால் அடித்தாள். பிறகு எதிர்ப்பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.